உலகம்மாள் வாயில் முப்பிடாதி

ஆவாரங்குளத்து உலகம்மாள் வாயில் அவள் மகள் முப்பிடாதியின் குரல் குடிவந்த அன்று, வெயில் பனைகளின் நிழலைக் குடித்துவிட்டு மரங்களையும் குடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது; சினிமா எடுக்க வந்த பிள்ளைகளோ நாலு பனைக்கு நடுவே கறுப்புத் துணியைக் கட்டி அந்த உச்சிப்பகலை நடுச்சாமமாக்கி வைத்திருந்தார்கள்; அந்தப் பொய் இருட்டுக்குள் உலகம்மாள் தலையை விரித்துப்போட்டு, நெற்றி நிறைய மை அப்பி, சூனியக்காரியாக உட்கார்ந்திருந்தாள்.

மற்ற நாளில் அவள் பீடி சுற்றுகிறவள். புருஷன் போன பிறகு மடியில் தட்டை வைத்தவள் இறக்கவே இல்லை. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, மடக்கி, நூலைச் சுற்றி அந்த ஒற்றைப் பிள்ளையை வளர்த்தாள், பத்தொன்பது வயதில் கட்டியும் கொடுத்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று ஊர் சொல்லும். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வந்தாள், இரண்டு தடவையும் தாய்க்காரி புத்தி சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள், மூன்றாம் தடவை அவள் தாய்வீட்டுக்கு வராமல் சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். பிறகு அவள் சினிமாவில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டார்கள். தீபாவளிக்கு ஒரு போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அத்தோடு சரி.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு வேனில் ஏழெட்டுப் பேரோடு வந்து இறங்கி, இங்கேதான் படம் எடுக்கப்போகிறேன் என்றாள். பெரிய கம்பெனிப் படமில்லை. சிநேகிதப் பிள்ளைகள் கைக்காசைச் சேர்த்து எடுக்கிற பேய்ப்படம். ஒரு சூனியக்காரி இருக்கிறாள், அவளுக்கு ஒரு மகள். மகள் தப்பித்து ஓடிவரும்போதெல்லாம் தாய் அவளை மந்திரத்தால் கட்டித் திரும்பக் கொண்டுபோய் ஒரு கிணற்றில் இருக்கிற வாயில்லாத ஒன்றுக்கு இரையாகக் கொடுக்கிறாள். மகளாக முப்பிடாதியே நடித்தாள். சூனியக்காரியாக நடிக்க வந்த அம்மாள் மஞ்சள்காமாலை கண்டு ஊருக்குத் திரும்பிவிட, கேமரா பிடிக்கிற ரெஜினா என்கிற தூத்துக்குடிப் பிள்ளைதான், உன் அம்மாவையே கேளேன் என்று சொன்னது. முப்பிடாதி வந்து வாசல்படியில் நின்று கேட்டாள். மகள் தன்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதைத்தான் உலகம்மாள் நினைத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பெத்த பிள்ளைய அவ எதுக்குட்டி கெணத்துக்குக் குடுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊரு என்ன சொல்லுமோன்னு பயம்" என்றாள் முப்பிடாதி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு எடுத்தது கட்டுப்போடுகிற காட்சி. தாய் மகளின் கீழுதட்டில் மையைத் தடவி, உன் நாக்கு என் நாக்கு, உன் சொல் என் சொல், என் பல்லுக்குள் நீ இரு என்று சொல்ல வேண்டும். அது எந்த மந்திரவாதியும் சொன்ன மந்திரமில்லை, முப்பிடாதியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது. உலகம்மாள் மையைத் தடவினாள். மகளின் உதட்டைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்ததால் விரலை உடனே எடுக்கவில்லை, அது நடிப்புக்குப் பொருத்தமாகவும் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். முப்பிடாதி கண்ணை மூடியபடி விழுந்து கிடந்தாள், பிறகு எழுந்து, கட் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"கட்" என்றது உலகம்மாளின் வாய், முப்பிடாதியின் குரலில்.

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்காமல் மறுபடி வாயைத் திறந்தாள். "ரெஜி, எனக்குச் சத்தம் வரல" என்றது உலகம்மாளின் வாய். உலகம்மாள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளே மகள் பேசிக்கொண்டேயிருந்தாள், அவளுடைய சூடான மூச்சு உள்ளங்கையில் அடித்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. பீடிக்கடையில் இலை வாங்க வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, பத்து மாசம் ஒரு வயிற்றுக்குள் இருந்தது பத்து நாள் ஒரு வாய்க்குள் இருந்தால் என்ன என்று கேட்டார்கள். கோயில் பூசாரி குறி கேட்டுப் பார்த்துவிட்டு, இதில் நான் செய்ய ஒன்றுமில்லை, அம்மனும் வந்திறங்க ஒரு வாயைத்தானே தேடுகிறாள் என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். மரியாதை விஷயத்தில்தான் குழப்பம் வந்தது. டீக்கடை பரமசிவம் உலகம்மாளை, அண்ணன் பெண்டாட்டி முறை என்பதால், மைனி என்று கூப்பிடுகிறவர். அந்த வாயிலிருந்து முப்பிடாதி டீயில் சீனி அதிகம் என்று சொன்னால், மைனிக்குப் பதில் சொல்வதா, மகள்முறைப் பிள்ளைக்குப் பதில் சொல்வதா என்று திணறி, கடைசியில் குரலைப் பார்த்துத்தான் முறை, வாயைப் பார்த்து இல்லை என்று முடிவுகட்டினார். ஊரும் அதையே சட்டமாக்கிக்கொண்டது.

தூரம் ஒரு பொருட்டே இல்லை. முப்பிடாதி சங்கரன்கோயில் பஸ்ஸில் நின்று டிக்கெட் கேட்டால், ஆவாரங்குளத்தில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கிற உலகம்மாள் "தென்காசி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுப்பாள். படப்பிடிப்பில் முப்பிடாதி போட வேண்டிய சத்தத்தையெல்லாம் தாய் போட்டாள், ஆங்கில வசவுகள் உட்பட. அக்கம்பக்கம் அதைக் கேட்டுப் பழகியது. உலகம்மாள் ஒருத்திக்குத்தான் பழகவில்லை. ஆனாலும் முதல் கொஞ்சநாள் அவளுக்கு அதில் ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்தது. மகள் எங்கே நிற்கிறாள், யாரிடம் பேசுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று எதையும் கேட்காமலே தெரிந்தது.

அடுத்த வீட்டு கோமதி தினமும் வந்து எதிரே உட்கார்ந்து உலகம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஒரே மகள் செல்வக்கனி இரண்டு வருஷத்துக்கு முன்னால் புகுந்த வீட்டில் செத்துப்போனாள். வயிற்றுவலி தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டாள் என்றார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போலீஸ் வரைக்கும் போகாமல் பேசி முடித்தார்கள். "ஒனக்குக் கொடுப்பினை மைனி" என்று கோமதி சொல்வாள்.

பிறகு ஒருநாள் பிற்பகல் முப்பிடாதி சோறு தின்றுகொண்டிருந்தாள், தாய் எதிரே பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முப்பிடாதி சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தாள், முழங்கைக்கு மேலே பழைய சூட்டுத் தழும்புகள் தெரிந்தன. கையை மூடிக்கோட்டி, ஆளுக வார நேரம் என்று உலகம்மாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். முப்பிடாதி பேச வாயெடுக்கவே இல்லை, சோற்றோடு சேர்த்து எதையோ விழுங்கினாள், அவ்வளவுதான். ஆனால் அவள் விழுங்கியது உலகம்மாளின் தொண்டையில் ஏறி வந்தது.

"நீ பாத்தே. மஞ்சப்பத்துப் போட்டே. முழுக்கை ஜாக்கெட்டு தச்சுக் குடுத்தே."

தட்டு மடியிலிருந்து சரிந்தது. தூள் தரையெல்லாம் பரவியது. உலகம்மாள் தன் நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்தாள், ரத்தம் வந்தது. முப்பிடாதி எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்து தாயின் வாயைப் பொத்தினாள். நான் சொல்லவில்லை, நான் அதைச் சொல்லவே இல்லை என்று அவள் கண் சொன்னது, அது உண்மையும்கூட. ஒன்பது வருஷமாகச் சொல்ல வந்து விழுங்கிய பேச்செல்லாம் ஊறிக்கிடந்து இப்போது தனக்கு ஒரு வாய் கிடைத்ததும் வரிசை கட்டி நின்றது.

மறுநாள் முப்பிடாதி படத்தை நிறுத்திவிட்டுப் போகத் தயாரானாள். ரெஜினா பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டாள். உலகம்மாள்தான் குறுக்கே நின்றாள். இராத்திரி முழுக்க வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தவள், துணியை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் எறக்கிட்டுப் போ" என்றாள்.

காலையில் தொடங்கியது, வெயில் மேற்கே சாய்கிறவரை நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கோமதியும் இன்னும் சில பெண்களும் கடைக்குப் போகிற வழியில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். உலகம்மாள் தன் வாய் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். சூடு வைத்த கரண்டியின் நீளம் என்ன, குளிக்கிற அறைக்குள் பூட்டிவைத்தால் எங்கே காது வைத்தால் தெருச்சத்தம் கேட்கும், மாமியார் எதற்கெல்லாம் சிரிப்பாள், எல்லாம் வந்தது. அதில் அவளுக்குத் தெரிந்ததும் இருந்தது, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டதும் இருந்தது. ஆனால் கடைசியாக வந்தது அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

"ரெண்டாம் தடவ வந்தப்ப என் வயித்துல ஒண்ணு இருந்துச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ சோறு கட்டி வச்சிட்டே, பஸ்ஸு வந்துட்டு. பஸ்ஸு கெளம்பினப்ப நீ கைய ஆட்டினே. அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டே போனேன். 'எறங்குட்டி'ன்னு ஒரு தடவ அது சொல்லாதான்னு பாத்தேன். ஊரெல்ல தாண்டியும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். மறுவாரம் அவன் மிதிச்சதுல அது போயிட்டு."

வாய் நின்றது. மாடுகள் தண்ணீர் குடித்துத் திரும்பின. உலகம்மாளுக்குத் தன் வாய் தன்னுடையதுதானா என்று தெரியவில்லை. உதட்டை அசைத்துப் பார்த்தாள், அது ஈரமில்லாமல் ஒட்டிக்கிடந்தது. எத்தனையோ சொல்லலாம், நீ பொட்டப்பிள்ளை என்று சொல்லலாம், உன் அப்பன் இல்லாத வீடு என்று சொல்லலாம், நான் மட்டும் என்ன சுகப்பட்டேன் என்று சொல்லலாம். அதெல்லாம் அந்த வாய்க்கு வந்து வந்து திரும்பிப் போயிற்று. கடைசியில் அவள் பஸ்ஸின் ஜன்னலைப் பிடிக்கிறவள் போலக் கையை நீட்டி மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"எறங்குட்டி" என்றாள், தன் சொந்தக் குரலில். "எறங்கு தாயி. எறங்கி வீட்டுக்கு வா."

அப்போது முப்பிடாதியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையென்றும் சொல்ல முடியாது, கன்று கத்துவது போல ஒன்று. அது அவளுடைய வாயிலிருந்தே வந்தது.

குரல் வீடு திரும்பிவிட்டது என்று வேலியோரத்துப் பெண்கள் போய் ஊருக்குச் சொன்னார்கள். கேட்டு முடித்தால் போய்விடும் என்று அதற்கு ஒரு விதியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

படம் முடிந்து, சென்னையில் வெட்டி ஒட்டி, மழைக்காலம் கழிந்து, முதல் காட்சியை ஆவாரங்குளத்திலேயே போடுவதென்று முப்பிடாதி கொண்டுவந்தாள். பஜாரில் மூடிக்கிடந்த பழைய சினிமாக் கொட்டகையில் வெங்காய மூட்டைகளை ஓரங்கட்டி, பகல் ஆட்டம் வைத்தார்கள். உலகம்மாள் சூனியக்காரியாக வருகிறாள் என்று ஊரே வந்தது. அவள் திரையில் மையோடு வந்தபோது விசிலடித்தார்கள். கிணற்றுக் காட்சியில் ஆண்பிள்ளைகள்கூடக் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். பிறகு கட்டுப்போடுகிற காட்சி வந்தது. திரையில் இருந்த உலகம்மாள் மையைத் தடவி, உன் நாக்கு என் நாக்கு என்று சொல்லி முடித்தாள்.

கொட்டகையில் முதலில் பேசியது தலையாரியின் பெண்டாட்டி. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று நிச்சயத்துக்கு முன்னாலேயே சொன்னேனே என்றது அவள் வாய், குவைத்தில் இருக்கிற அவள் மகளின் குரலில். அதற்கு அடுத்த வரிசையில் ஒருத்தி, படிக்கவிட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்றாள். அப்புறம் இங்கொன்று அங்கொன்று என்றில்லாமல் மகள் பெற்ற அத்தனை பேரும் பேசினார்கள், திருப்பூரில், மும்பையில், பக்கத்து நாற்காலியில் இருக்கிற பிள்ளைகளின் குரலில். அண்ணனுக்கு மட்டும் முட்டை வைத்தாயே என்று ஒரு கிழவி, செத்துப் பத்து வருஷமான மகளின் சின்னவயதுக் குரலில் கேட்டாள். சித்தப்பா தொட்டதைச் சொன்னபோது என்னைத்தானே அடித்தாய் என்று ஒரு குரல் கேட்டபோது, ஒரு மனுஷர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். ஆண்கள் உட்கார்ந்த இடத்தில் கல்லாகிப் போனார்கள். நாற்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவளின் வாயிலிருந்து தங்கள் மகள் பேசுவதைக் கேட்டு அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகம்மாள் எல்லோருக்கும் கடைசியாகச் சுவரோரம் நின்றாள். என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த இரைச்சலுக்கு நடுவே கோமதியின் வாய் மெதுவாக, "எம்மா, வெளக்கு ஏன் அணைஞ்சு கெடக்கு?" என்றது. செல்வக்கனியின் குரல். கோமதியின் புருஷன் சுடலை நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் திருப்பூர் பஸ்ஸெல்லாம் ஆவாரங்குளத்துத் தாய்மாரால் நிறைந்தது. பனியன் கம்பெனி வாசல்களில் குரல் போன பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, தங்கள் வாயாலேயே வருவதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கேட்டவர்களின் வாய் காலியானது. கேட்க மாட்டேன் என்றவர்கள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள், அப்படிக் கட்டியவர்களுக்குக் கடையில் தனியாகச் சைகையில் சாமான் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள்.

கோமதி மட்டும் வாயையும் கட்டவில்லை, கேட்கவும் இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைப் பார்க்கத்தான் ஊருக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு என்ன குழம்பு என்று மகள் கேட்பாள், தாய் பதில் சொல்வாள். இரண்டு பேர் பசிக்குச் சாப்பிட்டாள். மகள் பழைய பாட்டு முணுமுணுப்பாள். ஆனால் அந்தக் குரல் கொஞ்சம் தாழ்ந்து, "எம்மா, அன்னைக்குச் சாயங்காலம்..." என்று ஆரம்பித்தால் போதும், கோமதி கைக்குக் கிடைத்த சோற்றை எடுத்துத் தன் வாயில் திணித்துக்கொள்வாள். சோறில்லாவிட்டால் துணி. ஒருநாள் மண்ணை அள்ளித் திணித்தாள். அன்றுதான் சுடலை உலகம்மாளைத் தேடி வந்து, கதவுக்கு வெளியே நின்று அழுதார்.

உலகம்மாள் போனாள். முப்பிடாதியும் கூடப் போனாள். கோமதியின் பல்லிலெல்லாம் மண் இருந்தது. உலகம்மாள் தண்ணீர் கொண்டுவந்து, முந்தானை நுனியை நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள்.

"முப்பிடாதி கொரலுக்குத் திரும்பிப்போக அவ தொண்டை இருந்துச்சு மைனி" என்றாள் கோமதி. "இவ சொல்லி முடிச்சா எங்க போவா?"

உலகம்மாள் நனைந்த முந்தானை நுனியைப் பிழிந்தாள்.

"தெரியாது கோமு" என்றாள். "நான் ஒம்பது வருசம் கேக்காம இருந்தேன். அவ சொல்லாம இருந்ததுல அவளுக்கு ஒரு நாளுகூட ஒறக்கம் இல்ல. உன் பிள்ளை சொல்லணும்னு ரெண்டு வருசமா நிக்கா."

கோமதி எழுந்து முகம் கழுவி, செல்வக்கனியின் அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் சொன்னால் என்னோடு போய்விடும் என்றாள், எழுதுகிற இடத்தில் சொல்லட்டும் என்றாள்.

பெரிய ரோட்டில் வெயிலில் நடந்தார்கள். உலகம்மாள் ஒரு பக்கம், முப்பிடாதி ஒரு பக்கம், பின்னால் சுடலை, அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்ட பெண்கள். கோமதி வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். வழியெல்லாம் மகளிடம் அதையும் இதையும் கேட்டுக்கொண்டே வந்தாள், மகளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரே வாயில் இரண்டு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு போவதை எதிரே வந்த லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தார்கள்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. வெளியூர்க்காரர், ஆனாலும் இந்த வட்டாரத்துக்கு வந்து ஆறு மாசமானதால் எதையும் திருப்பிக் கேட்காமல் பேனாவைத் திறந்தார். கோமதியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, பெயர் என்ன என்று கேட்டார்.

"செல்வக்கனி" என்றது குரல்.

எஸ்.ஐ.யின் பேனா ஒரு நொடி நின்றது. அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, "சொல்லும்மா செல்வக்கனி, என்ன நடந்துச்சு?" என்றார்.

கோமதி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் மகளின் மூச்சு சூடாக அடித்துக்கொண்டிருப்பது பக்கத்தில் நின்ற உலகம்மாளுக்குத் தெரிந்தது. அந்தக் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. "மெதுவாச் சொல்லு தாயி" என்று கோமதி தன் கைக்குள்ளேயே சொன்னாள், "அவசரமில்ல." பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.